எச்.சி.ஐ. டெக்ஸ்ட்புக்கை உட்கார்ந்து படிக்கணுமா, இல்ல ஸ்கிரீன் வரையுற ஃபிக்மா சாஃப்ட்வேர் தெரிஞ்சா போதுமா?

தாம்பரம்_ஃபைனல்_இயர்:

இந்த செமஸ்டர்ல ஹ்யூமன் கம்ப்யூட்டர் இன்டராக்ஷன் (எச்.சி.ஐ.), அதாவது மனுஷங்க கம்ப்யூட்டரை எப்படிப் பயன்படுத்துறாங்கன்னு பாக்குற பாடம், எலெக்டிவ். ஆலன் டிக்ஸும் மத்தவங்களும் எழுதின புத்தகத்தோட மூணாம் பதிப்புதான் டெக்ஸ்ட்புக். 2004-ல வந்தது, 800 பக்கத்தைத் தாண்டுது. "எக்ஸாமுக்கு முந்தின நாள் புரட்டினா போதும், அந்த நேரத்துல ஃபிக்மா கத்துக்கோ"ன்னு சீனியர்ஸ் சொல்றாங்க. சென்னை ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகள் பக்கம் யூ.எக்ஸ். (பயனர் அனுபவ வடிவமைப்பு) வேலைக்குப் போகணும்னு எண்ணம். ப்ராஜெக்ட், புறநகர் ரயில் டிக்கெட் எடுக்குற ஒரு ஆப். புத்தகத்துல எதைப் படிக்கணும், எதைத் தாண்டலாம்? படிச்சவங்க சொல்லுங்க.

பெருங்குடி_ஃப்ரன்ட்எண்ட்:

சீனியர்ஸ் சொன்னதுல பாதி சரி. அந்தப் பதிப்பு ஐபோன் வர்றதுக்கு மூணு வருஷம் முன்னாடி வந்தது. 2-வது சாப்டர்ல வர்ற கருவிகள், 8-ல வர்ற விண்டோ சிஸ்டம் சமாச்சாரம், கடைசி ரெண்டு சாப்டர், எல்லாத்தையும் மார்க்குக்காக மட்டும் பாருங்க. ஸ்கிரீன் எப்படி இருக்கணும்னு தெரிஞ்சுக்க அதைத் திறக்கவே வேண்டாம்.

வேலைக்கு ஆகுற சாப்டர் 3 (இன்டராக்ஷன்), 9 (சோதிச்சு மதிப்பிடுறது), 12 (மனசு வேலை செய்யுற மாடல்கள்), 15 (வேலையைப் பிரிச்சுப் பாக்குறது), 16. இதுல 16-ஐத்தான் யாரும் சீந்த மாட்டாங்க. டயலாக் நொட்டேஷன் (ஆளும் ஆப்பும் மாறி மாறிச் செய்யுறதைக் குறிக்குற முறை), ஸ்டேட் டயக்ராம் (ஆப் எந்தெந்த நிலைக்குப் போகும்ங்கிற படம்)னு வறட்டுத்தனமா இருக்கும். ஆனா உங்க ப்ராஜெக்ட்டுக்கு அதுதான் கைகொடுக்கும். ஒரு பேப்பர்ல இடது பக்கம் ஆறு ஸ்டேட் எழுதுங்க: ஸ்டேஷன் தேர்வு, டிக்கெட் விவரம், பணம் போயிட்டிருக்கு, பேமென்ட் பெண்டிங், டிக்கெட் வந்தாச்சு, பேமென்ட் தோல்வி. மேலே நாலு நிகழ்வு: பேக் பட்டன், நெட் கட், கால் வந்து ஆப் பின்னாடி போறது, ஆப்பையே தள்ளி மூடுறது. மொத்தம் 24 கட்டம். ஒவ்வொண்ணுலயும் அடுத்து எந்த ஸ்டேட்னு நிரப்பிட்டு வாங்க.

"பெண்டிங்" வரிசைக்கு வந்ததும் பேனா நின்னுடும். யூ.பி.ஐ.ல அக்கவுண்ட்ல இருந்து பணம் போயிருக்கும், ஆப்புக்குப் பதில் வந்திருக்காது. அந்த நேரத்துல "மறுபடி முயற்சி" பட்டனைக் காட்டினா ஒரே டிக்கெட்டுக்கு ரெண்டு தடவை பணம் போகும். அங்க வேண்டியது தொகை, பரிவர்த்தனை எண், "பணம் கழிந்திருந்தால் மீண்டும் கட்ட வேண்டாம்"னு ஒரு வரி, பின்னாடி தானா ஸ்டேட்டஸ் கேட்டுட்டே இருக்குற புரோகிராம். ஆப்பை மூடித் திறந்தாலும் இதே ஸ்கிரீன்தான் முதல்ல வரணும். ஃபிக்மா ஃபைல்ல இந்த ஸ்கிரீன் பெரும்பாலும் இருக்காது, ஏன்னா எல்லாம் ஒழுங்கா நடக்குற பாதையைத்தான் அங்க வரையறாங்க. போர்ட்ஃபோலியோல அந்த 24 கட்டத்தை அப்படியே போடுங்க.

தாம்பரம்_ஃபைனல்_இயர்:

நன்றி அண்ணா. 12-வது சாப்டர்ல கோம்ஸ் (ஒரு வேலையை இலக்கு, படின்னு பிரிக்குற மாடல்), கே.எல்.எம். (கீ, மவுஸ் அசைவுக்கு நேரம் கணக்கு போடுற மாடல்) எல்லாம் மவுஸ் காலத்துக் கணக்கு இல்லையா? இன்னும் யாராவது போட்டுப் பாக்குறாங்களா?

கவுன்ட்டர்_கணக்கு:

போட வேண்டிய இடத்துல போடணும். கே.எல்.எம். ஒரு வேலையை நல்லாப் பழகினவர், தப்பே பண்ணாம, எத்தனை செகண்ட்ல முடிப்பார்னு மட்டும் சொல்லும். சுமாராக டைப் பண்றவருக்கு ஒரு கீ 0.28 செகண்ட். மவுஸை இலக்குக்குக் கொண்டு போக 1.1. கீபோர்டுல இருந்து மவுஸுக்குக் கை மாற 0.4. கிளிக் பண்ண, அமுக்கி விட, 0.2. மனசுல யோசிச்சுத் தயாராக 1.35.

கவுன்ட்டர்ல உட்கார்ந்திருக்கிறவர் பத்து இலக்க எண்ணை அடிச்சு சப்மிட் பண்றார்னு வைங்க. மவுஸால பட்டனை அமுக்கினா 1.35 + 2.8 + 0.4 + 1.1 + 0.2, ஆக 5.85 செகண்ட். அதே இடத்துல என்டர் கீ வேலை செஞ்சா 1.35 + 2.8 + 0.28, ஆக 4.43. வித்தியாசம் 1.42 செகண்ட். கேட்கக் கொசுறாத் தெரியும். ஒரு ஷிஃப்ட்ல 600 என்ட்ரின்னா 852 செகண்ட், அதாவது 14 நிமிஷம் 12 செகண்ட். அவ்வளவு நேரம் க்யூ நின்னுட்டிருக்கும். ஒரு ப்ரோட்டோடைப் கூட வரையாம இந்தப் பதில் கிடைக்குது. வங்கி, பில்லிங், ஆஸ்பத்திரி ரிசப்ஷன், கால் சென்டர் சாஃப்ட்வேர் எல்லாத்துக்கும் இது பொருந்தும்.

அமெரிக்காவுல நைனெக்ஸ் டெலிபோன் கம்பெனி ஆபரேட்டர்களுக்குப் புது ஒர்க்ஸ்டேஷன் வாங்கலாமான்னு பார்த்தப்போ, கோம்ஸ் வகை மாடல் ஒண்ணு புதுசுதான் மெதுவா இருக்கும்னு சொல்லுச்சு. நேர்ல வச்சுப் பார்த்த சோதனையிலயும் அப்படியே வந்துச்சு. அந்த ஆய்வு 1993-ல வெளியாச்சு.

ஆனா உங்க ஆப்பை முதல் தடவை தொடுற பயணிக்கு இந்தக் கணக்கைப் போடாதீங்க. அவர் தடுமாறுற இடம், தப்பா அமுக்குறது, திரும்பி வர்றது எதுவும் இதுல வராது. டச் ஸ்கிரீன்ல கை மாற்றும் இல்ல, 1.1-ங்கிற எண்ணும் செல்லாது. இந்த எண்களை மாத்தாம அப்படியே தூக்கி போன்ல ஒட்டுறதுதான் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல அடிக்கடி பாக்குற கோளாறு.

ஒரு இலக்கைத் தொடுறது எவ்வளவு கஷ்டம்னு சொல்ற ஃபிட்ஸ் விதியும் இப்படித்தான். தூரத்தை அகலத்தால வகுத்து, ஒண்ணைக் கூட்டி, 2-ஐ அடியா வச்சு லாக் எடுங்க. வர்ற எண்தான் கஷ்டத்தோட அளவு, கம்மியா இருந்தா சுலபம். தூரம் 400, அகலம் 20 பிக்சல்னா 4.39 பிட். அகலத்தை 40 ஆக்கினா 3.46. அகலத்தை விட்டுட்டுத் தூரத்தை 200 ஆக்கினாலும் அதே 3.46. பட்டனைப் பெருசாக்க இடமில்லன்னா கிட்ட கொண்டு வாங்கன்னு அர்த்தம். ஆனா ரொம்பச் சின்ன இலக்குல விரல் நுனியே மறைச்சுடும், அங்க இந்த ஃபார்முலா ஏமாத்தும். பட்டன் அளவு ஆண்ட்ராய்டுல 48 டி.பி. (அங்க ஸ்கிரீன் அளவுக்கான அலகு), ஐபோன்ல 44 பாயின்ட்டுக்குக் கீழே போகாதீங்க.

எச்.சி.ஐ._வாத்தியார்:

முந்தைய பதிவுகளோடு எனக்கு உடன்பாடுதான். ஒன்பதாவது சாப்டரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் மாணவர்கள் அதை மனப்பாடம் செய்துவிட்டுத் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள்.

"ஐந்து பேரை வைத்துச் சோதித்தால் 85 சதவீதம் பிழை கிடைக்கும்" என்பதை மந்திரம் போலச் சொல்கிறீர்கள். நீல்சனும் லாண்டவரும் 1993-ல் கொடுத்த சூத்திரத்தில், ஒரு பிழை ஒரு பயனரிடம் வெளிப்படும் வாய்ப்பு சராசரியாக 31 சதவீதம். 0.69-ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.156, ஒன்றிலிருந்து கழித்தால் 84 சதவீதம். பத்தில் ஒருவருக்கு மட்டுமே வரும் பிழை என்றால் 0.9-ஐ ஐந்து முறை பெருக்கிக் கழியுங்கள்: 41 சதவீதம்தான். அதே 85-ஐ எட்ட 18 பேர் வேண்டும். பணம் சம்பந்தப்பட்ட ஸ்கிரீனுக்கு ஐந்து போதும் என்று யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.

அடுத்தது எஸ்.யூ.எஸ்., அதாவது ஒரு ஆப் பயன்படுத்த எளிதா என்று பயனரிடமே கேட்கும் கேள்வித்தாள். பத்து வாக்கியம், ஒன்று முதல் ஐந்து வரை. ஒற்றைப்படைக் கேள்வியில் விடையிலிருந்து 1 கழிக்க வேண்டும், இரட்டைப்படையில் 5-இலிருந்து விடையைக் கழிக்க வேண்டும், கூட்டி 2.5-ஆல் பெருக்க வேண்டும். ஒற்றைப்படை விடைகள் 4, 4, 5, 4, 4 என்றால் 16. இரட்டைப்படை 2, 1, 2, 2, 3 என்றால் 15. மொத்தம் 31, மதிப்பெண் 77.5. இது சதவீதம் அல்ல. சராசரி என்று பொதுவாக எடுத்துக்கொள்ளப்படுவது 68. இரட்டைப்படை வாக்கியங்கள் எல்லாம் குறை சொல்பவை என்பதால், படிக்காமல் பத்துக்கும் 5 போட்டவருக்கு 50 வரும். அந்தத் தாளைக் கணக்கில் சேர்க்காமல் அவரிடம் ஒருமுறை பேசுங்கள். தமிழாக்கித் தரும்போது இந்தத் தொல்லை கூடும். இரட்டை எதிர்மறை வராமல் எழுதிக்கொள்ளுங்கள்.

நேர்காணல், கவனிப்பு, கிடைத்த தகவலைத் தொகுப்பது ஆகியவற்றுக்கு டிக்ஸைவிட ரோஜர்ஸ், ஷார்ப், ப்ரீஸ் எழுதிய இன்டராக்ஷன் டிசைன் புத்தகம் மேல். 2023-ல் ஆறாம் பதிப்பு வந்திருக்கிறது.

புள்ளி_போச்சு:

எந்த டெக்ஸ்ட்புக்கைத் தேடினாலும் கிடைக்காத ஒண்ணைச் சொல்றேன் ப்ரோ. உங்க ஆப் தமிழ்ல வருதுல்ல? "பதிவிறக்கம்" கண்ணுக்கு ஏழு எழுத்து. கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்குற யூனிகோடுல புள்ளி, விசிறி எல்லாம் தனித்தனி, அதனால 11; யூ.டி.எஃப்.-8-ல 33 பைட். பட்டன்ல இடம் பத்தலைன்னு புரோகிராம்ல ஏழோட வெட்டினா "பதிவிறக"ன்னு நிக்கும், புள்ளி காணாமப் போயிருக்கும். ஜாவாஸ்கிரிப்ட்ல லெங்த்தை நம்பாதீங்க, அதுலயே இருக்குற இன்ட்ல் செக்மென்ட்டர்ங்கிற வசதியால எழுத்து எழுத்தாப் பிரிச்சு எண்ணுங்க. எஸ்.எம்.எஸ்.ல டிக்கெட் விவரம் அனுப்புறீங்கன்னா இங்கிலீஷ்ல 160 இடம், தமிழ்ல 70 யூனிகோடு இடம்தான், அதுக்கு மேல போனா ரெண்டு மெசேஜ் காசு.

பட்டன் உயரத்தை இங்கிலீஷுக்கு அளந்து பூட்டி வைக்காதீங்க. மேலே புள்ளியும் கீழே உகரச் சுழியும் வெட்டுப்படும். போன் செட்டிங்ஸ்ல எழுத்தை ஒரு படி பெருசாக்கி ஒவ்வொரு ஸ்கிரீனையும் பாருங்க, அங்கயே பாதி உடைஞ்சுடும். எழுத்துக்கும் பின்னணிக்கும் கான்ட்ராஸ்ட் 4.5-க்கு 1 மாதிரியான அளவுகோல் எல்லாம் எல்லாரும் பயன்படுத்துற மாதிரி வெப் செய்யுறதுக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 வழிகாட்டியில இலவசமா இருக்கு, அதுக்குப் புத்தகம் வாங்க வேண்டாம்.

தாம்பரம்_ஃபைனல்_இயர்:

சார், சோதனைக்கு ஹாஸ்டல் பசங்க அஞ்சு பேர் போதுமா?

எச்.சி.ஐ._வாத்தியார்:

போதாது. அவர்கள் உங்களைப் போலவே போனைப் பிடிப்பவர்கள். கவுன்ட்டரில் மட்டுமே டிக்கெட் எடுப்பவர் ஒருவர், மாத சீசன் வைத்திருப்பவர் ஒருவர், போனையே தமிழில் வைத்திருப்பவர் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர் ஒருவராவது வேண்டும். ரயிலுக்கு ஓடுபவரைப் பிளாட்பாரத்தில் நிறுத்தாதீர்கள். வெளியே டீக்கடையில் உட்கார வைத்து, இருபது நிமிடத்துக்கு மேல் எடுக்காதீர்கள்.

வேலையைச் சொல்லும்போது பட்டனில் இருக்கும் சொல்லைச் சொல்லிவிடாதீர்கள். "சீசனைப் புதுப்பியுங்கள்" என்றால் அவர் அந்தச் சொல்லைத் தேடி அமுக்குவார், நீங்கள் ஒன்றும் கற்க மாட்டீர்கள். "உங்க பாஸ் நாளையோட முடியுது, அடுத்த மாசமும் தாம்பரம் டு பீச் போகணும், என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவர் "இதுவா தம்பி?" என்று கேட்டால், "நான் இல்லாட்டி என்ன பண்ணுவீங்களோ அதையே பண்ணுங்க" என்று மட்டும் சொல்லலாம்.

ஸ்கிரீனைப் பதிவு செய்யச் சம்மதம் வாங்குங்கள். பேமென்ட் பகுதிக்கு டம்மி ஸ்கிரீன் வையுங்கள், யாருடைய யூ.பி.ஐ. பின்னும் உங்கள் ரெக்கார்டிங்கில் விழக் கூடாது.