பிப்ரவரி 14-க்கு என்ன செய்யலாம்? (எங்கள் மந்தைவெளி பிளாக் குழுவில் பேசியது)

பிப்ரவரி 8, 2026, ஞாயிறு

2ஏ அக்கா: வருகிற சனிக்கிழமை காதலர் தினம். நம் பிளாக்கில் தனியாக இருக்கும் பெரியவர்கள் நான்கு பேர். போன வருடம் அன்று சாயங்காலம் மூன்றாம் மாடிப் பாட்டி வராந்தாவில் உட்கார்ந்து, பூங்கொத்தோடு போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சாப்பிட்டீங்களா பாட்டி" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இந்த முறை அவர்களுக்கு ஏதாவது செய்யலாமா?

3பி தம்பி: கண்டிப்பாகச் செய்வோம் அக்கா. கீழே ஹாலில் பலூன் கட்டி, கேக் வெட்டி, ஆளுக்கொரு ரோஜா கொடுக்கலாம். மைக் செட் நான் கொண்டுவருகிறேன்.

2டி மாமி: தம்பி, உன் மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் அரை மணி நேரம் கைதட்டிவிட்டு எல்லோரும் கிளம்பிவிடுவீர்கள். அப்புறம் வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தும்போது இன்னும் கஷ்டமாக இருக்கும். மாமா போய் ஆறு வருஷம் ஆகிறது. நான் அழுதுவிடுவேனோ என்று பயந்து யாரும் அவர் பேச்சையே எடுப்பதில்லை. அழுதால் என்ன? அவரைப் பற்றிக் கேளுங்கள், அதுதான் எனக்கு வேண்டும்.

2ஏ அக்கா: நானும் அப்படித்தான் இருந்துவிட்டேன் மாமி. இப்போதே கேட்கிறேன். மாமா உங்களுக்கு என்ன வாங்கிவருவார்?

2டி மாமி: ரோஜாவெல்லாம் கிடையாது. வெள்ளிக்கிழமை லஸ்ஸில் இறங்கி இரண்டு முழம் மல்லி வாங்கி, காலியான டிபன் கேரியர் மேல்தட்டில் வைத்துக்கொண்டு வருவார். பூவில் ரசம் வாசனை அடிக்கும். அப்படியே தலையில் வைத்துக்கொள்வேன்.

1டி அண்ணி: மாமி ❤️
நர்சாக ஒன்று சொல்கிறேன், மைக் வேண்டாம். காது மெஷின் போட்டவர்களுக்கு எல்லாச் சத்தமும் ஒன்றாகக் கலந்து கேட்கும். மூன்று நான்கு பேராக, முகம் பார்த்து உட்கார்ந்தால் போதும். 2023-ல் அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி வெளியிட்ட அறிக்கை, மனிதத் தொடர்பு இல்லாமல் இருப்பதை தினம் 15 சிகரெட் வரை பிடிப்பதோடு ஒப்பிட்டது. ஆகவே ஒரு நாளோடு விட்டுவிடக் கூடாது. 14567 எண்ணையும் அவர்கள் போனில் பதிந்து கொடுங்கள். முதியோருக்கான இலவச உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம்.

செயலாளர்: 14-ஆம் தேதி சனிப் பிரதோஷம், மறுநாள் சிவராத்திரி. சாயங்காலம் பெரியவர்கள் கபாலி கோயிலுக்குப் போய்விடுவார்கள். காலை 10 மணிக்கு வைத்துக்கொள்ளலாம்.

3பி தம்பி: சரி, மைக்கும் பலூனும் வேண்டாம். பிள்ளைகளை அஞ்சலட்டை எழுதச் சொல்லட்டுமா? ஒன்று 50 பைசாதான். நாளைக்கே கச்சேரி ரோடு தபால் ஆபீஸில் வாங்கி வருகிறேன். கையில் கொடுக்காமல் தபாலிலேயே போடுவோம்.

2டி மாமி: இது நன்றாக இருக்கிறது. பேங்க்கிலிருந்து வருவதைத் தவிர என் பேருக்குத் தபாலே வருவதில்லை. "ஹேப்பி" என்று மட்டும் எழுதாமல் ஏதாவது கேள்வி கேட்டு எழுதச் சொல். பதில் போடுகிறேன். பதில் வந்தால் பிள்ளைகள் திரும்ப எழுதுவார்கள் இல்லையா?

1சி தாத்தா: எல்லாருக்கும் வணக்கம். குழுவில் நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. அவள் இருந்தபோது இரண்டு பாக்கெட் பால் வாங்குவோம். இன்னமும் இரண்டுதான் வாங்குகிறேன், ஒன்றாகக் குறைக்க மனசு வரவில்லை. மிச்சத்தைத் தோய்த்துத் தயிராகச் சேர்ந்துவிடுகிறது. அன்றைக்கு என் வீட்டுக்கு வாருங்கள், காபி நான் போடுகிறேன். கை கொஞ்சம் நடுங்குகிறது. பில்டரில் பொடி போட ஒரு பிள்ளை 9 மணிக்கே வந்தால் நல்லது.

3பி தம்பி: நான் வருகிறேன் தாத்தா. பாட்டி டிகாக்‌ஷன் எப்படிப் போடுவாங்க?

1சி தாத்தா: பொடியைத் தட்டி அமுக்கி, மேலே ஒரு சிட்டிகை சர்க்கரை தூவுவாள். அப்போதுதான் திக்காக இறங்கும் என்பாள். வா, காட்டுகிறேன்.