சிவப்பு சோஃபாவும் பாசி பிடித்த சுவரும்

(குடும்பக் குழு, ஞாயிற்றுக்கிழமை)

காலை 8:12

கார்த்தி: [படம்]

கார்த்தி: மூன்று நாள் உட்கார்ந்து நானே அடித்த சுவர். புத்தகத்தில் இருந்த அதே இளஞ்சாம்பல், அதே நிற எண். வீட்டில் பாசி பிடித்த மாதிரி பச்சையாகத் தெரிகிறது. உருப்படியான அலங்காரப் புத்தகம் யாராவது ஒன்று சொல்லுங்கள். இதைப் பழைய பேப்பரோடு போடப்போகிறேன்.

சித்தப்பா: அது புத்தகமே இல்லையடா, ஆல்பம். முழுக்கப் புரட்டினேன், ஒரு படத்திலும் ஆள் இல்லை. ஒரு செருப்பு, ஒரு சார்ஜர் வயர் கண்ணில் பட்டதா?

பெரியம்மா: உங்கள் அறையைப் படம் எடுத்தால் வயர் மட்டும்தான் தெரியும் தம்பி.

சுதா அண்ணி: 😂😂

நான்: கார்த்தி, ஓரத்தில் சிவப்பாகத் தெரிவது சோஃபாவா?

கார்த்தி: ஆமாம் அக்கா. அரக்குச் சிவப்பு. பாதிச் சுவரை அடைக்கும். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நான்: புத்தகப் படத்தில் என்ன சோஃபா?

கார்த்தி: இருங்கள்... மர நாற்காலி. வெள்ளை மெத்தை.

நான்: அதுதான் விஷயம். சாம்பலைச் சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தால் பச்சைப் பக்கம் சாயும். பெயின்ட்டில் தப்பு இல்லை, நம் கண் அப்படி. ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ் 1963இல் எழுதிய 'இன்டராக்‌ஷன் ஆஃப் கலர்' முழுக்க இதைப் பற்றித்தான். ஒரே தாளிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகளை வெவ்வேறு நிறப் பின்னணியில் ஒட்டுவார். இரண்டும் ஒன்று என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டாய்.

நான்: ஒரு வெள்ளை அட்டையில் விரல் நுழையும் ஓட்டை போடு. சோஃபா தெரியாதபடி பிடித்து ஓட்டை வழியே சுவரை மட்டும் பார். அப்புறம் சொல்.

கார்த்தி: சாயங்காலம் பார்க்கிறேன். இப்போது வெளியே கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

சித்தப்பா: ஆல்பர்ஸ் சரிதான். ஆனால் அவனுக்குச் சிறிய பதிப்பைக் கொடுத்துவிடாதே மாலதி. 1971இல் வந்த அந்தப் பதிப்பில் படங்களை வெட்டிக் குறைத்துவிட்டார்கள். நிறத்தைப் பற்றிய புத்தகத்தில் நிறம் இல்லாவிட்டால் எப்படி?

நான்: எந்தப் பதிப்பானாலும் படித்தால் மட்டும் ஏறாது சித்தப்பா. கலர்த் தாளும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். நான் முதல் தடவை நாவல் மாதிரி படித்துவிட்டு 'இதில் என்ன இருக்கிறது' என்று மூடி வைத்தவள்.

பெரியம்மா: நான் ஒன்று சொல்லட்டுமா? ஈடித் வார்ட்டன், நாவலாசிரியை. நாவலில் பேர் வாங்குவதற்கு முன்னால், 1897இல், ஆக்டன் காட்மன் என்ற கட்டடக் கலைஞரோடு சேர்ந்து 'தி டெகரேஷன் ஆஃப் ஹவுசஸ்' எழுதினார். கதவு, ஜன்னல், அறையின் அளவு ஆகியவற்றுக்குப் பொருந்தி வருவதுதான் அலங்காரம் என்பது அவர் கட்சி. மேலே கொண்டுவந்து கொட்டுகிற சாமான் பிறகுதான். அலமாரி பொம்மைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. படித்த கையோடு பாதியை எடுத்து உள்ளே வைத்தேன்.

சுதா அண்ணி: அத்தை, அதில் நடன அரங்குக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறதே! 😄

பெரியம்மா: இருக்கிறது. மாளிகைக்காரர்களுக்கு எழுதியது, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுக் கதவைப் பற்றியதைப் படி.

சித்தப்பா: வயர் என்று கிண்டல் செய்தீர்களே அண்ணி, ஜப்பானிய எழுத்தாளர் தனிசாகி 1933இல் நிழலைப் பற்றி எழுதிய கட்டுரை அந்த வயரில்தான் ஆரம்பிக்கிறது. ஜப்பானிய பாணியில் வீடு கட்டுகிற மனிதர் மின்கம்பி, எரிவாயுக் குழாய், தொலைபேசிக் கம்பி எல்லாவற்றையும் எங்கே ஒளிப்பது என்று திண்டாடுகிறார். சின்னப் புத்தகம், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். படித்த பிறகு ட்யூப் லைட்டைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

பெரியம்மா: அந்த இருட்டில் ஊசிக்கு நூல் கோத்துக் காட்டுங்கள், நானும் படிக்கிறேன்.

காலை 9:40

சுதா அண்ணி: எனக்கு அலங்காரமெல்லாம் அப்புறம். அன்றாடப் பொருள்களின் வடிவமைப்பைப் பற்றி எழுதும் டான் நார்மன்தான் என் ஆள். அவர் புத்தகம் 1988இல் வேறு தலைப்பில் வந்தது, பிறகு 'தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்' என்று மாற்றினார்கள். நம் அடுப்பை அப்படியே எழுதியிருக்கிறார். பர்னர் நாலும் சதுரமாக இருக்கின்றன, குமிழ் நாலும் ஒரே வரிசையில். இடது ஓரக் குமிழ் முன்னால் இருப்பதற்கா, பின்னால் இருப்பதற்கா? இத்தனை வருடம் புழங்கியும் வெறும் பர்னரைப் பற்றவைத்துவிட்டுப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். நமக்குத்தான் மறதி என்று நினைத்திருந்தேன்.

சுதா அண்ணி: [படம்]

சுதா அண்ணி: இப்போது குமிழுக்கும் பர்னருக்கும் நெயில் பாலிஷ் புள்ளி. சிவப்புக்குச் சிவப்பு, ரோஸுக்கு ரோஸ்.

நான்: அண்ணி, இதை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதலாம்.

சித்தப்பா: புள்ளி வைக்க வேண்டியிருக்கிறது என்றால் அடுப்பைச் செய்தவன் தோற்றுவிட்டான் என்பாரே அவர்?

சுதா அண்ணி: ஆமாம் மாமா, கதவில் 'தள்ளு', 'இழு' என்று எழுதி ஒட்டுவதைத் திட்டுவாரே, அதே கதைதான். ஒரு குறை, அந்தக் கதவை விடவே மாட்டேன் என்கிறார். சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்பார். நடுவில் சில பக்கம் தள்ளினால் நஷ்டமில்லை. வாங்கினால் 2013 திருத்திய பதிப்பு.

நான்: தள்ளிப் படிப்பதென்றால் கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டர் குழு 1977இல் கொண்டுவந்த 'எ பேட்டர்ன் லாங்வேஜ்'. 1100 பக்கத்துக்கு மேல், 253 துண்டுகள். நகரத்தில் ஆரம்பித்து அறைக்குள் வந்து முடியும். வரிசையாகப் படித்தவரை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒரு துண்டு போதும்: ஆறடிக்குக் குறைந்த ஆழமுள்ள பால்கனியை யாரும் பயன்படுத்துவதே இல்லை என்கிறார்கள்.

சித்தப்பா: இரு.

சித்தப்பா: நாலடி இரண்டு அங்குலம்.

பெரியம்மா: அதனால்தான் துணி மட்டும் காய்கிறது. நான் உங்கள் சோம்பேறித்தனம் என்று நினைத்தேன், மன்னித்துவிடுங்கள்.

நான்: இன்னொன்று, வெளிச்சம் இரண்டு பக்கத்திலிருந்து வரும் அறையில்தான் எல்லோரும் போய் உட்காருவார்களாம். எனக்கு முழுக்க நம்பிக்கை இல்லை. நம் வீட்டில் சார்ஜர் பாயின்ட் எங்கேயோ அங்கேதான் கூட்டம்.

காலை 10:25

சுதா அண்ணி: நிலா ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருக்கிறாள். அட்டையில் 60 கட்டம், அதில் ஏழு கட்டம் 'ஆரம்பத்துக்குப் போ'. நேற்று அவள் தம்பி ஐந்தாவது தடவை ஆரம்பத்துக்குப் போனதும் பகடையைக் கட்டிலுக்கு அடியில் எறிந்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

சுதா அண்ணி: நிலா எழுதுகிறேன். அவனுக்கு விளையாடத் தெரியவில்லை அத்தை.

நான்: நிலாக்குட்டி, அவன் செய்வதற்கு அதில் என்ன இருந்தது? பகடை சொல்கிறது, அவன் காயை நகர்த்துகிறான், அவ்வளவுதானே? ராஃப் கோஸ்டர் என்று ஒருவர் விளையாட்டுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் படம் இருக்கும், உனக்குப் பிடிக்கும். மூளை எதையாவது கற்றுக்கொண்டே இருக்கும்வரைதான் விளையாட்டு இனிக்கும் என்கிறார். கட்டத்தில் பூஜ்யமும் பெருக்கல் குறியும் போடுகிற விளையாட்டு இப்போது உனக்கு ஏன் போரடிக்கிறது?

சுதா அண்ணி: எப்போதும் டிரா ஆகிறது.

நான்: அந்தச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது, அதனால்தான். உன் விளையாட்டில் பிடிபடவே எதுவும் இல்லை. இரண்டு பகடை உருட்டச் சொல். இரண்டில் எந்த எண்ணை எடுப்பது என்று அவனே முடிவு செய்யட்டும்.

சித்தப்பா: பிரெஞ்சு அறிஞர் ரோஜே கய்வா 1958இல் விளையாட்டுகளை நாலாகப் பிரித்தார். போட்டி, அதிர்ஷ்டம், வேடம் போடுவது, தலை சுற்றுவது. நிலா, உன் தம்பி கூடத்தில் தட்டாமாலை சுற்றி விழுகிறானே, அது நாலாவது. இவருக்கு முன்னாலேயே விளையாட்டைப் பற்றி எழுதிய டச்சு வரலாற்றாசிரியர் ஹூய்சிங்கா சூதாட்டத்தைக் கணக்கிலேயே எடுக்கவில்லை என்று இவருக்கு வருத்தம். எனக்கு இரண்டு பேரில் இவரைத்தான் பிடிக்கும், ஆனால் நடையில் ஹூய்சிங்கா...

பெரியம்மா: தம்பி, குழந்தை போய்விட்டது.

பகல் 12:05

சுதா அண்ணி: இரண்டு பகடை வேலை செய்கிறது. சின்னவன் ஒவ்வொரு முறையும் விரல் வைத்துக் கட்டத்தை எண்ணிப் பார்த்துவிட்டு எடுக்கிறான். ஒரு மணி நேரமாகச் சத்தமே இல்லை. அந்தக் கோஸ்டர் புத்தகத்தை எனக்கும் கொடு மாலதி.

இரவு 7:48

கார்த்தி: அக்கா!! ஓட்டை வழியே பார்த்தால் வெறும் சாம்பல். அட்டையை எடுத்தால் பச்சை. மறுபடி வைத்தால் சாம்பல். பத்துத் தடவை செய்துவிட்டேன், பார்ப்பவர் பைத்தியம் என்பார்கள். சோஃபாமேல் வெள்ளைப் போர்வை போட்டேன், பாசி போய்விட்டது.

சித்தப்பா: ஆக, இனி ஆயுசுக்கும் போர்வைதானா?

கார்த்தி: இல்லை சித்தப்பா, சோஃபா எதிர்ப்பக்கம் ஜன்னலுக்குக் கீழே போகிறது. அங்கே இரண்டு பக்க வெளிச்சமும் இருக்கிறது. அந்த 1977 புத்தகம் யாரிடம் இருக்கிறது? ஒரு வாரம் கொடுங்கள்.

நான்: என்னிடம் இல்லை. பெரியம்மா வாங்கிப் போனார்கள்.

பெரியம்மா: நான் தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.

கார்த்தி: சித்தப்பா?

சித்தப்பா: என் அறைக் கதவு காற்றுக்கு அடித்துக்கொள்கிறது. அந்தக் கனத்துக்கு வீட்டில் வேறு எதுவும் இல்லை.

சுதா அண்ணி: மாமா 😂 கார்த்தி, போகும்போது ஒரு செங்கல் எடுத்துக்கொண்டு போ.