தினம் ஒரு சதவீதம்: அப்பளப் பட்டறைக்கு இது ஆகுமா?

வைகைக்கரை
தினமும் ஒரு சதவீதம் முன்னேறினால் வருஷக் கடைசியில் 37 மடங்கு என்று ஒரு கணக்கு எல்லா வியாபாரக் குழுக்களிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த 37 எனக்கு முக்கியமில்லை. ஆனால் சின்னத் திருத்தங்களை விடாமல் செய்துகொண்டே போவதுதான் நம்ம மதுரை அப்பளப் பட்டறைகளைத் தாங்கிப் பிடிக்கும் என்பது என் கட்சி.

அனுப்பானடி, வில்லாபுரம், ஜெய்ஹிந்த்புரம் பக்கம் பத்துப் பதினைந்து பேரை வைத்து நடக்கும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 200 கிராம் பாக்கெட் ஆயிரம். சராசரியாகப் பாக்கெட்டில் 206 கிராம் போனால் தினம் 6 கிலோ அப்பளம் காசில்லாமல் வெளியே போகிறது. அடக்கவிலை கிலோ 160 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 960, மாதம் 25 நாள் வேலைக்கு 24,000.

அந்த 6 கிராம் எங்கிருந்து வருகிறது? ஒரு அப்பளம் 5 கிராம். தராசு 198 காட்டும்போது இன்னொன்றை வைத்தால் 203. பாதி அப்பளம் வைக்க முடியாது என்பதாலேயே சராசரியில் இரண்டரை கிராம் ஏறிவிடும். மிச்சம் மூன்றரை, தராசு மேல் நம்பிக்கை இல்லாமல் "இருக்கட்டும்" என்று கூட வைப்பது. முத்திரையிட்ட 200 கிராம் படிக்கல் ஒன்றைத் தராசுக்குப் பக்கத்திலேயே வைத்துக் காலையிலும் மதியமும் சரிபார்த்தால் அந்தப் பயம் போகும். தரம் பிரிக்கும்போது மெல்லிய நாலு கிராம் அப்பளங்களைத் தனித்தட்டில் ஒதுக்கி, கடைசி ஒன்றை மட்டும் அதிலிருந்து எடுத்து வைத்தால் 201, 202-இல் நிற்கும். செலவு ஒரு படிக்கல், ஒரு தட்டு.

மாசிவீதிக் கணக்கு
ஐயா, முதலில் அந்த 37-ஐப் பேசிவிடலாம். அதை நம்பித்தான் பலர் மோசம் போகிறார்கள். 1.01-ஐ 365 தடவை பெருக்கினால் 37.78 வருவது நிஜம். ஆனால் கூட்டுவட்டி ஏற வேண்டுமென்றால் அசல் வளர வேண்டும். பட்டறையில் நாம் குறைப்பது சேதாரத்தை. நொறுங்கல் ஆறு சதவீதம் இருந்தால் அதைப் பாதியாக்கும்போது மூன்று கிடைக்கும். அடுத்த பாதியில் ஒன்றரை. அதற்கடுத்து முக்கால். பாடு அதேதான், பலன் தேய்ந்துகொண்டே போகும். ஓட்டையை முழுசாக அடைத்தாலும் குடம் நிறையுமே தவிரப் பெரிதாகாது.

உங்கள் 960-க்கு வருவோம். 200 கிலோ அப்பளத்துக்கு உத்தேசம் 185 கிலோ உளுந்து மாவு போகும். கீழமாசி வீதியில் உளுந்து கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் அன்றைக்கே 1,850 ரூபாய் கூடுதல். ஒரு வருஷம் கிராம் கிராமாகப் பிடித்துவைத்ததை ஒரு விலையேற்றம் தின்றுவிடும்.

எடையைக் குறைப்பதற்கும் எல்லை உண்டு. பொட்டலப் பொருள் விதிகள் 2011-இன்படி 200 கிராம் பாக்கெட் தனியாக 9 கிராம்வரை குறையலாம், ஆனால் லாட்டின், அதாவது சேர்த்துச் சோதிக்கும் மொத்தப் பாக்கெட்டுகளின், சராசரி 200-க்குக் கீழே போகக்கூடாது. சித்திரை வெயிலில், சீல் சரியாக ஒட்டாத பாக்கெட்டிலிருந்து ஈரம் போய் எடை இறங்கும். சராசரியை 200.5-க்குக் கொண்டுவந்து நிறுத்துகிறவர் சோதனையில் மாட்டுவார்.

கப்பலூர் ஃபிட்டர்
கணக்கு அண்ணே, விலையேற்றம் பக்கத்துப் பட்டறைக்கும் சேர்த்துத்தான் வருது. கிராம்ல ஒழுகுறது நம்ம பட்டறைக்கு மட்டும் வர்ற நஷ்டம். ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

மாவை ரோலர்ல தகடாத் தேய்ச்சு, டைங்கிற வெட்டு அச்சால வட்டம் வெட்டுற ஷீட் மிஷின் வச்சிருக்கவங்களுக்குச் சொல்றேன். அப்பளம் எடை ஒண்ணு 4.6, ஒண்ணு 5.4-னு வந்தா உடனே மாவைத் திட்டுவாங்க. மாவுல குறை தேடாதீங்க. டையில நாலு வரிசை வெட்டு இருந்தா ஒவ்வொரு வரிசையிலயும் இருபது எடுத்து வரிசைவாரியா நிறுத்துப் பாருங்க. இடது ஓரம் 108 கிராம், வலது ஓரம் 92-னு வந்தா ரோலர் ஒரு பக்கம் தூக்கியிருக்கு. மிஷினை நிறுத்தி, மெயினை அணைச்சு, ரெண்டு முனையிலயும் ஃபீலர் கேஜ்ங்கிற மெல்லிசு அளவுத்தகடு விட்டு இடைவெளியைப் பாக்கணும். ரெண்டு போல்ட்டு, கால் மணி நேர வேலை. இதைச் செய்யாம எந்தத் தராசு வச்சும் பிரயோஜனம் இல்ல. கனமானது காயாது, மெல்லிசானது அதே வெயில்ல ஓரம் சுருண்டு பாக்கெட்டுல நொறுங்கும். எடை, காய்ச்சல், நொறுங்கல் மூணும் அந்த ரெண்டு போல்ட்டுலதான் இருக்கு.

இன்னொண்ணு டை. ஏழு சென்டிமீட்டர் வட்டம், நடுவுல 2 மில்லிமீட்டர் இடைவெளி. வட்டங்களை நேருக்கு நேர் கட்டம் கட்டமா அடுக்கியிருந்தா ஷீட்டுல 26 சதவீதம் ஓர மாவாத் திரும்பும். ஒரு வரிசையோட பள்ளத்துல அடுத்த வரிசை உட்கார்ற மாதிரி, தேன்கூடு போல மாத்தி அடுக்குனா 14 சதவீதம்தான். ஓர மாவு வீணாப் போகலையே, திரும்பப் பிசையுறோமேன்னு சொல்லுவாங்க. அதுல தூவுன அரிசி மாவு ஒட்டியிருக்கும், காத்துல காஞ்சும் இருக்கும். நிறையச் சேர்த்தா ஷீட்டு நடுவுல கோடு கோடாப் பிளக்கும். பழைய டை தேய்ஞ்சு புதுசு செய்யச் சொல்லும்போது இந்த அடுக்கைக் கேட்டு வாங்குங்க.

மாசிவீதிக் கணக்கு
தம்பி, ரோலர் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். வரிசைவாரியாக நிறுத்துப் பார்ப்பது நல்ல யோசனை, அதை எதிர்த்து நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஆனால் அப்பளத்தில் கழுத்தைப் பிடிக்கும் இடம் காயப்போடுவது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பிடித்தால் களம் சும்மா கிடக்கும். மாவு இருக்கும், ஆள் இருக்கும், ஆர்டர் இருக்கும், காய வைக்க வெயில் இருக்காது. முகூர்த்த ஆர்டர் வேறு ஆள் கைக்குப் போனால் அடுத்த வருஷமும் அங்கேயேதான் போகும். அங்கே படிக்கல்லும் தனித்தட்டும் என்ன செய்யும்? கடனை வாங்கியாவது ஒரு உலர்த்தியோ, பாலிகார்பனேட் கூரை போட்ட சூரிய உலர் குடிலோ வைக்கிறவர்தான் வருஷம் முழுக்கச் சரக்கு கொடுப்பார். அது சின்னத் திருத்தம் இல்லை, ஒரே தாவல். பட்டறைக்காரர் கையில் இருக்கும் பணமும் கவனமும் கொஞ்சம். அதை நூறு இடத்தில் சிதறவிட்டால் அந்த ஒரு தாவலுக்கு எதுவும் மிஞ்சாது. இதுதான் என் கவலை.

வைகைக்கரை
உலர்த்தி வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காயும் விதத்தைப் பழகாமல் வாங்கினால் அது கெடுத்துக்கொடுக்கும் என்கிறேன்.

வெப்பக்காற்றைச் சுள்ளென்று வைத்தால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே ஈரம் சிக்கிக்கொள்ளும். தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும். பாக்கெட்டுக்குள் போன பிறகு அந்த ஈரம் மெல்ல வெளியே வந்து பூசணம் பிடிக்கும். 45 டிகிரியை ஒட்டி வைத்து, காற்று ஓட்டத்தைக் கூட்ட வேண்டும். சூட்டை ஏற்றி நேரத்தைக் குறைக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் தப்பு.

களத்திலும் இதே சங்கதிதான். தரையில் பாய் விரித்துப் போட்டால் மேல்பக்கம் காயும், அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும். காய்ந்த பக்கம் சுருங்குவதால் ஓரம் கிண்ணம்போலத் தூக்கிக்கொள்ளும். தூக்கிய ஓரம்தான் முதலில் உடையும். முக்கால் அடி உயரத்தில் சட்டம் அடித்து நைலான் வலை கட்டினால் அடியிலும் காற்றுப் போகும், இரண்டு பக்கமும் சேர்ந்து காயும், புழுதியும் குறையும். எடுத்ததும் பாக்கெட் போடாமல், அடுக்கி ஈரமில்லாத துணியால் மூடி ஒரு ராத்திரி வைக்க வேண்டும். நடுவில் இருக்கும் ஈரமும் ஓரத்தின் வறட்சியும் சமமாகும். காலையில் லேசாக வளைத்தால் வளையும், மடக்கினால் ஒடியும். அதுதான் பதம்.

இதெல்லாம் கைவந்த பிறகு உலர்த்தி வாங்குகிறவருக்கு எத்தனை தட்டு, எத்தனை மணி நேரம், எவ்வளவு காற்று வேண்டும் என்று சொந்தக் கணக்கு இருக்கும். இல்லாவிட்டால் விற்கிறவர் சொல்வதுதான் கணக்கு.

வில்லாபுரம் அக்கா
இவ்வளவு நேரமாப் பேசுறீங்க, தேய்க்கிற பொம்பளைங்க இதுல எங்க இருக்காங்க? கையால தேய்க்கிற பட்டறையில கூலி எண்ணிக்கைக்கு, இல்லேன்னா கிலோவுக்கு. "எடை சரியில்ல, ஓரம் பிளந்திருக்கு"ன்னு கழிக்கிற ஒவ்வொரு அப்பளமும் அவங்க கூலியில இருந்து போகுது. நீங்க திருத்தம்னு சொல்றது அங்க கூலி வெட்டா வந்து இறங்கும்.

ஓரம் ஏன் பிளக்குது? மாவு இறுகினா பிளக்கும். மாவு ஏன் இறுகுது? தண்ணியைச் சொம்பால அளந்து ஊத்துறாங்க. புது மூட்டை உளுந்து வேற அளவு தண்ணி இழுக்கும். கிலோ மாவுக்கு 450 மில்லி சரியா இருந்த இடத்துல அடுத்த மூட்டைக்கு 430 போதும், இன்னொண்ணுக்கு 470 வேணும். மூட்டை மாறுற அன்னைக்குக் கால் கிலோ மாவுல பிசைஞ்சு பாத்துட்டு அந்த அளவைச் சுவத்துல எழுதணும். உப்பையும் மழைக்காலத்துல டம்ளர்ல அளக்கக்கூடாது, ஈரம் இழுத்து அளவு மாறும், நிறுத்துத்தான் போடணும். அப்பளம் பொரிய மாவுல போடுற அப்பளக்காரத்தைத் தண்ணியில கரைச்சு வடிகட்டாமப் போட்டா கரையாத துகள் இருக்கிற இடம் எண்ணெயில பொரிக்கும்போது சிவப்புப் புள்ளியா வரும், கடிச்சா சோப்பு மாதிரி இருக்கும். அதுக்கும் தேய்ச்ச கையா பொறுப்பு?

காஞ்சு 5 கிராம் வரணும்னா ஈரத்துல ஆறரையில இருந்து ஏழு கிராமுக்குள்ள உருண்டை இருக்கணும். கண் அளவுல கிள்ளச் சொல்லிட்டு எடையில குத்தம் பாக்கிறது நியாயம் இல்ல. மாவைக் கயிறாத் திரிச்சு, அளவுக்கட்டை வச்சு நூலால வெட்டிக் குடுங்க. அப்புறம் எடையைப் பத்திப் பேசுங்க.

திருத்தத்துல மிஞ்சுற காசுல ஒரு பங்கு கூலியில ஏறலேன்னா இந்த யோசனை எதையும் யாரும் வாயைத் திறந்து சொல்லமாட்டாங்க. மாவு எப்படி இருக்குன்னு முதல்ல தெரியிறது தேய்க்கிற கைக்குத்தான். அந்தக் கை பேசலேன்னா உங்களுக்கு ஒண்ணும் தெரியாது.

வைகைக்கரை
அக்கா சொல்வது சரி, இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். டொயோட்டாவில் 1951 முதல் தொழிலாளிகளிடம் யோசனை கேட்டு வாங்கும் முறை இருக்கிறது, ஏற்கப்படும் யோசனைக்குப் பரிசுத்தொகையும் உண்டு. கழிப்பதற்கு முன் காரணத்தைக் கேட்க வேண்டும். மாவா, காரமா, உருண்டையா, கையா என்று நாலு டப்பா வைத்துக் கழித்ததைப் பிரித்துப் போட்டால் ஒரே வாரத்தில் எந்த டப்பா நிரம்புகிறது என்று தெரியும். கையைத் தவிர மற்ற மூன்று டப்பாவில் விழுவதற்குக் கூலி பிடிக்கக்கூடாது.

கணக்கு ஐயாவுக்கு ஒன்று. 1976-இல் 11 படுக்கையோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி இதே மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்தவர் தயாராக இருப்பார், டாக்டர் மைக்ராஸ்கோப்பைத் திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணைத் தொடுவார். மேசையைப் போடும் விதத்தில் செய்த திருத்தம்தான் அது.

மாசிவீதிக் கணக்கு
அதே அரவிந்தை வைத்தே பதில் சொல்கிறேன். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டு விலையில் வந்துகொண்டிருந்தவரை, மேசையை எப்படிப் போட்டாலும் ஏழைக்கு லென்ஸ் வைப்பது சுமைதான். 1992-இல் ஆரோலேப் என்ற சொந்தத் தொழிற்சாலையைத் தொடங்கி லென்ஸை இங்கேயே செய்த பிறகுதான் அந்தச் செலவு சரிந்தது. அது மேசை நகர்த்தல் இல்லை, தாவல். இரண்டும் வேண்டும் என்றால் எனக்குச் சம்மதம். சின்னதே போதும் என்றால் சம்மதமில்லை.

அக்கா சொன்ன நூல் வெட்டையும் மூட்டைவாரித் தண்ணீர் அளவையும் நானே நாலு பட்டறைக்காரர்களிடம் சொல்வேன். ஆனால் அதில் மிச்சமாகும் பணம் தினச் செலவோடு கரைந்துவிடாமல் தனிக் கணக்கில் ஏற வேண்டும். ஒரு பங்கு கூலிக்கு, மீதி உலர்த்திக்கு. எடையில் மட்டும் 206-இலிருந்து 202-க்கு வந்தால் தினம் 4 கிலோ, 640 ரூபாய், மாதம் 16,000. பாதி கூலிக்குப் போனாலும் பங்குனியில் ஆரம்பித்தால் புரட்டாசிக்குள் அரை லட்சத்துக்கு இரண்டாயிரம்தான் குறையும். உலர்த்திக்கு முன்பணமாகக் கொடுக்கலாம், கடனும் அந்த அளவுக்குக் குறையும்.

கப்பலூர் ஃபிட்டர்
அந்தக் கணக்கு எனக்குப் பிடிச்சிருக்கு அண்ணே. உலர்த்தி வாங்குறதுக்கு முன்னாடி ஒரு வேலை மட்டும் செஞ்சிடுங்க. காலையில மிஷின் ஓட்டின முதல் கால் மணியில இருபது அப்பளம், மதியம் ரெண்டு மணிக்கு இருபது, வரிசைவாரியா நிறுத்து ஒரு நோட்டுல எழுதுங்க. மதியச் சூட்டுல மாவு இளகும், காலையில வச்ச இடைவெளி மதியத்துக்குச் சரியா வராது. ஒரு மாசம் எழுதுனா ரோலரை எப்ப, எவ்வளவு திருகணும்னு அந்த நோட்டே காட்டிடும். உலர்த்தி விக்கிறவர் வரும்போதும் அதை எடுத்து முன்னாடி வைங்க. கனம் ஒரே சீரா இருக்கிற சரக்குக்கு ஒரு நேரம், ஏறுக்குமாறா இருக்கிற சரக்குக்கு வேற நேரம். அவர் எந்தச் சரக்கை வச்சு மணிக்கு இத்தனை கிலோ காயும்னு சொல்றார்னு கேட்டு, உங்க தட்டுலயே உங்க அப்பளத்தைப் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.