இம்ப்ளிசிட் பயஸ்: ‘மறைமுகச் சார்பு’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் ‘இம்ப்ளிசிட் பயஸ்’, அதாவது ஒருவர் தன்னையறியாமலே ஒரு பிரிவினர் மீது வைத்திருக்கும் சாய்வு, இதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். நண்பர் ஒருவர் எழுதியிருந்தார்:

> ‘மறைமுகச் சார்பு’ என்றே வைத்துவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். மறைமுகம் என்றாலே யாரோ வேண்டுமென்று மறைக்கிறார் என்ற தொனி வந்துவிடுகிறது. கலிஃபோர்னியாவில் 2019-இல் வந்த சட்டம் மகப்பேறு ஊழியர்களுக்கு இந்தச் சாய்வைக் களையும் பயிற்சியைக் கட்டாயமாக்கியது, கறுப்பினத் தாய்மார்கள் அதிகம் இறக்கிறார்கள் என்பதால். அந்த வகுப்பில் உட்காரும் செவிலியர் எதையும் மறைக்கவில்லை, தன்னிடம் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. அதனால் என் ஓட்டு ‘உணராச் சாய்வு’க்கு. ‘உள்ளார்ந்த’ வேண்டவே வேண்டாம், பிறவிக்குணம் போல ஆகிவிடும், அப்புறம் பயிற்சி எதற்கு? ‘ஓரவஞ்சனை’ எனக்குப் பிடித்த சொல்தான், ஆனால் அதில் வஞ்சனை இருக்கிறது.

ஆனால் எல்லாவற்றையும் இந்த ஒரே சொல்லில் அடைக்காதீர்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் 2016-இல் வெளியான ஆய்வில், வெள்ளையின மருத்துவ மாணவர்கள், பயிற்சி மருத்துவர்கள் 222 பேரில் ஏறத்தாழப் பாதிப்பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது என்பது போன்ற ஒரு பொய்யையாவது சரி என்று குறித்திருந்தார்கள். இது உணராதது இல்லையே, தாளில் டிக் அடித்த நம்பிக்கை. ‘தவறான நம்பிக்கை’ என்ற பழைய சொல்லே இதற்குப் போதும்.

சிக்கல், நோயாளியின் இனத்தைப் பார்த்து அளவை மாற்றிக் கணக்கிடும் ரேஸ் கரெக்‌ஷனில்தான். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று ரத்தத்தில் உள்ள கிரியேட்டினினை வைத்துக் கணக்கிடும் 2009 சமன்பாட்டில், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்கச் சொல்லியிருந்தது. 19 வரவேண்டியவருக்கு 22 வரும். அமெரிக்காவில் டயாலிசிஸ் தொடங்காதவருக்கு 20 அல்லது அதற்குக் கீழே போனால்தான் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் எண்ணப்படும், ஆக அவர் வெளியே நிற்பார். மருத்துவர் எவ்வளவு நல்லவராக இருந்தும் பயனில்லை, சாய்வு அச்சடித்த சூத்திரத்திலேயே இருந்தது. 2021-இல்தான் இனம் பார்க்காத சமன்பாடு வந்தது.

இதற்கு ‘இனத் திருத்தம்’ என்று பட்டியலில் போட்டிருப்பதை எதிர்க்கிறேன். திருத்தம் என்றால் பிழை போனது என்று பொருள், இங்கே பிழை உள்ளே வந்தது. ‘இனவழிச் சரிக்கட்டல்’ எப்படி? கணக்கில் கூட்டிக் குறைப்பதையும் சொல்கிறது, ‘எப்படியோ சரிக்கட்டிவிட்டான்’ என்கிற வாடையும் கொஞ்சம் அடிக்கிறது, அது இருக்கட்டும். மூச்சு அளக்கும் ஸ்பைரோமீட்டரில் கறுப்பினத்தவருக்கும் ஆசியர்களுக்கும் இயல்பளவைக் குறைத்து வைத்த வழக்கத்துக்கும் இதே சொல் பொருந்தும்.

ரேசிசத்துக்கு ‘இனவெறி’யா ‘இனவாதமா’ என்பதை இலங்கை நண்பர்கள் தனி இழையில் தொடங்கினால் நல்லது.