எலக்ட்ரீசியன் வேலையிலிருந்து மின்பொறியியல் பட்டத்துக்கு: 6 மாதத்தில் கணக்கை எப்படித் தயார் செய்வது?

வயர்மேன்34:

பேனல் வயரிங், மோட்டார் கண்ட்ரோல், ஃபால்ட் பார்ப்பது என்று 12 வருட எலக்ட்ரீசியன் வேலை. வயது 34. வேலையை விடாமல் பகுதி நேரமாக மின்பொறியியல் பட்டம் படிக்கப் போகிறேன். வகுப்பு தொடங்க இன்னும் 6 மாதம் இருக்கிறது. கணக்கைத் தொட்டு 15 வருடத்துக்கு மேலாகிறது. இந்த 6 மாதத்தில் எதை, எந்த வரிசையில் படிக்க வேண்டும்? படிப்பு தொடங்கியபின் வாரத்துக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் போகும்? அனுபவத்தைக் காட்டிச் சில பாடங்களுக்கு விலக்கு வாங்கலாம் என்கிறார்கள், கணக்குப் பாடத்துக்கும்கூட. வாங்கலாமா?

சமன்பாடு:

தம்பி, நுண்கணிதத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். பல வருடம் கழித்துப் படிக்க வருகிறவர்களை முதல் வருடத்தில் கவிழ்ப்பது அதற்கு அடியில் இருக்கிற இயற்கணிதம்தான். தொகையிடலின் விதி சீக்கிரமே பிடிபட்டுவிடும். ஆனால் மூன்றாவது வரியில் பின்னத்தைச் சுருக்கும்போது ஒரு கழித்தல் குறி தவறிப்போகும், அதோடு விடையும் போய்விடும்.

இப்போதே ஒரு சோதனை செய்து பாருங்கள். பேரலல் ரெசிஸ்டர் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்: 1-ஐ மொத்தத்தால் வகுத்தால், அது 1-ஐ முதல் ரெசிஸ்டராலும் இரண்டாவதாலும் தனித்தனியே வகுத்துக் கூட்டியதற்குச் சமம். இதை இரண்டாவது ரெசிஸ்டருக்கான சூத்திரமாக மாற்றி எழுதுங்கள். கால்குலேட்டர் வேண்டாம். மொத்தத்தையும் முதலையும் பெருக்கி, முதலிலிருந்து மொத்தத்தைக் கழித்ததால் வகுக்க வேண்டும் என்று வந்தால் சரி. மொத்தம் 2 ஓம், முதல் 6 ஓம் என்று போட்டால் 3 ஓம் கிடைக்கும். பலர் ஒவ்வொரு பின்னத்தையும் தனித்தனியாகத் தலைகீழாக்கிவிட்டு, மொத்தத்திலிருந்து முதலைக் கழித்து மைனஸ் 4 ஓம் என்று முடிப்பார்கள். உங்களுக்கும் அப்படி வந்தால் பின்னத்திலிருந்து தொடங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. கை விட்டுப்போன பழக்கம், அவ்வளவுதான்.

26 வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் 8 வாரம் முழுக்க இயற்கணிதம்: பின்னம், அடுக்குக்குறி, சூத்திரத்தை மாற்றி எழுதுவது, ஒருங்கமை சமன்பாடு, இருபடிச் சமன்பாடு, மடக்கை. அடுத்த 6 வாரம் முக்கோணவியல், ரேடியன், சைன் அலையின் வரைபடம். பிறகு 4 வாரம் கலப்பெண்ணும் (மைனஸ் 1-இன் வர்க்கமூலத்தையும் சேர்த்து எழுதும் எண்) வெக்டரும். கடைசி 8 வாரம் வகையிடலும் எளிய தொகையிடலும். முதல் 8 வாரத்தைச் சுருக்கி நுண்கணிதத்துக்குச் சீக்கிரம் போகத் தோன்றும். போகாதீர்கள்.

கலப்பெண்ணுக்குத் தனியாக 4 வாரம் எதற்கு என்றால், ஏசி சர்க்யூட் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. 3 ஓம் ரெசிஸ்டரும் 4 ஓம் ரியாக்டன்ஸ் (ஏசிக்குக் காயில் காட்டும் எதிர்ப்பு) உள்ள காயிலும் சீரீஸில் இருக்கின்றன, சப்ளை 100 வோல்ட் என்று வையுங்கள். மீட்டரை ரெசிஸ்டரில் வைத்தால் 60 வோல்ட், காயிலில் வைத்தால் 80 வோல்ட். கூட்டினால் 140 வருகிறது, சப்ளையோ 100தான். மீட்டர் பழுதில்லை. இரண்டு மின்னழுத்தமும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போவதில்லை, 90 டிகிரி விலகி நிற்கின்றன. அதனால் செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப்போலத்தான் கூட்ட வேண்டும். 3-ம் 4-ம் சேர்ந்து 5 ஓம் இம்பீடன்ஸ் (மொத்த எதிர்ப்பு), கரண்ட் 20 ஆம்பியர், கோணம் சுமார் 53 டிகிரி, பவர் ஃபேக்டர் (உண்மையான பவருக்கும் கேபிள் சுமப்பதற்கும் உள்ள விகிதம்) 0.6. உண்மையான பவர் 1200 வாட், ஆனால் கேபிள் சுமப்பது 2000 வோல்ட்-ஆம்பியர். இந்த ஒரு கணக்கைக் கலப்பெண்ணிலும் முக்கோணத்திலும் இரண்டு விதமாகப் போட்டு ஒரே விடை வரவழைத்துவிட்டால், அந்தப் பாடத்தின் கதவு திறந்துவிடும்.

இன்னொன்று, கால்குலேட்டரில் டிகிரியா ரேடியனா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சைன் 30 என்று அழுத்தினால் டிகிரியில் 0.5, ரேடியனில் மைனஸ் 0.988. தேர்வில் இதனால் ஒரு முழுக் கேள்வியே போய்விடும்.

இரவு_ஷிஃப்ட்:

கணக்கைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள், நான் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. முழுநேர மாணவருக்கு வருடம் 60 கிரெடிட். அதில் பாதி எடுத்தாலே 750 முதல் 900 மணி நேரம் ஆகிறது. 40 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் ஏறக்குறைய 19 முதல் 22 மணி நேரம். வகுப்பு, லேப், வீட்டில் போடும் கணக்கு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் இதில் அடக்கம், பயணம் சேராது. உங்கள் கல்லூரியின் கிரெடிட் முறை வேறாக இருக்கலாம். ஒரு கிரெடிட்டுக்கு மொத்தம் எத்தனை மணி என்று கேளுங்கள். வகுப்பு மணியை மட்டும் சொன்னால் அது பாதிக் கணக்குதான்.

வார நாளில் தினம் 2 மணி, வார இறுதியில் 10 மணி என்று வைத்தால் 20 வந்துவிடும். 10 மணி நேர ஷிஃப்ட் முடித்து வந்து புதுப் பாடத்தைத் திறந்தால் மண்டையில் ஏறாது. புதுப் பாடத்தை வேலைக்கு முன்னால் வையுங்கள். களைத்திருக்கும் நேரத்தில் ஏற்கெனவே போட்ட கணக்கைப் புத்தகத்தை மூடிவிட்டு மறுபடி போடுங்கள். வீடியோ பார்ப்பதைப் படிப்பு நேரத்தில் சேர்க்காதீர்கள். பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், தனியாகப் பேனா பிடித்தால் இரண்டாவது வரியில் நின்றுவிடும்.

ஷிஃப்ட் மாறும் வேலையில் பெரிய சிக்கல் லேப்தான். பாடத்தை வீட்டில் படித்துச் சமாளிக்கலாம், தவறவிட்ட லேபை அப்படிச் சமாளிக்க முடியாது. சேரும் முன்பே லேப் அட்டவணையை வாங்கி, அந்த நாள்களுக்கு ஷிஃப்ட் மாற்றித் தரச் சம்மதம் என்று மேலாளரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். எந்தப் பாடம் எதற்கு முன்நிபந்தனை என்பதையும் ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரையுங்கள். முதல் கணக்குப் பாடத்தில் தேறாமல் போனால் இரண்டாவது கணக்கு, சிக்னல், கண்ட்ரோல் சிஸ்டம் என்று வரிசையாக எல்லாம் தள்ளிப்போகும். அந்தப் பாடம் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும் இடம் என்றால் ஒரு வருடமே போகும்.

பேனல்போர்டு:

விலக்கு பற்றி: ஒர்க்ஷாப், வரைபடம், தொழிற்பயிற்சி போன்றவற்றுக்குத் தாராளமாகக் கேளுங்கள். கணக்குக்குக் கேட்காதீர்கள், கொடுத்தாலும் வாங்காதீர்கள். இரண்டாம் வருடத்தில் லாப்லாஸ், ஃபூரியர் உருமாற்றக் கணக்குகள் வரும்போது முதல் வருடக் கணக்கு விரல் நுனியில் இருக்கிறது என்று வைத்துத்தான் நடத்துவார்கள். விலக்கு வாங்கி மிச்சம் பிடித்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு அங்கே செலவாகும்.

விண்ணப்பம் தள்ளுபடி ஆவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். "12 வருடம் எலக்ட்ரீசியனாகப் பணிபுரிந்தார்" என்ற கடிதத்தை மட்டும் இணைப்பார்கள். மதிப்பிடுகிறவர் வருடத்தை எண்ணுவதில்லை, பாடத்திட்டத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் தேடுகிறார். பாடத்திட்டத்தை அச்செடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு ஆவணத்தை வையுங்கள்: இன்சுலேஷன் டெஸ்ட் ரிப்போர்ட், கமிஷனிங் ஷீட், நீங்கள் திருத்திக் கொடுத்த சர்க்யூட் டயகிராம். அதில் உங்கள் பங்கு என்ன என்று இரண்டு வரி எழுதுங்கள். வாடிக்கையாளர் பெயர், தள விவரம் இருந்தால் நிறுவனத்தின் அனுமதி வாங்கியபிறகே கொடுக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் இன்னொன்றையும் பாருங்கள். ஒரு நாடு அங்கீகரித்த பொறியியல் படிப்பை மற்ற உறுப்பு நாடுகளும் ஏற்கும் பன்னாட்டு ஒப்பந்தங்கள் மூன்று இருக்கின்றன: பொறியாளர் பட்டத்துக்கு வாஷிங்டன் ஒப்பந்தம், 1989, பொறியியல் டெக்னாலஜிஸ்ட் படிப்புக்கு சிட்னி ஒப்பந்தம், 2001, டெக்னீஷியன் படிப்புக்கு டப்ளின் ஒப்பந்தம், 2002. அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகக் கொடுப்பார்கள். உங்கள் பகுதி நேரப் படிப்பின் பெயர் அப்படியே அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். சிட்னி வகையில் சேர்ந்துவிட்டு, பிறகு வாஷிங்டன் வகைப் பொறியாளர் பதிவு கேட்டால் கூடுதலாகப் படிக்கச் சொல்லலாம். ஆனால் உங்கள் இலக்கு வடிவமைப்பைவிட டெஸ்டிங், கமிஷனிங் என்றால் டெக்னாலஜிஸ்ட் படிப்பு நல்ல தேர்வு. அதைத் தாழ்வாக நினைக்க வேண்டாம்.

வயர்மேன்34:

எல்லோருக்கும் நன்றி. ரெசிஸ்டர் கணக்கில் எனக்கும் மைனஸ் 4தான் வந்தது. பின்னத்திலிருந்தே தொடங்குகிறேன். ஒரு சந்தேகம்: கையில் இருக்கும் அனுபவம் வகுப்பில் எங்காவது உதவுமா, இல்லை எல்லாமே புதிதா?

சமன்பாடு:

நிச்சயம் உதவும். நீங்கள் வேலையில் விதியாகத் தெரிந்து வைத்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் "ஏன்" என்று கேட்டு நிரூபணம் எழுதிப் பழகுங்கள். மோட்டாரை ஸ்டார் இணைப்பில் கிளப்பிப் பிறகு டெல்டாவுக்கு மாற்றும் ஸ்டார்-டெல்டாவில் ஸ்டார்ட்டிங் கரண்ட், நேரடியாக டெல்டாவில் கிளப்புவதில் மூன்றில் ஒரு பங்கு என்று தெரியும். ஏன்? ஸ்டாரில் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் லைன் வோல்டேஜை 3-இன் வர்க்கமூலத்தால் வகுத்த அளவுதான் கிடைக்கிறது, வைண்டிங் கரண்டும் அதே விகிதத்தில் குறைகிறது. டெல்டாவில் லைன் கரண்ட், வைண்டிங் கரண்டைவிட 3-இன் வர்க்கமூலம் மடங்கு அதிகம். ஸ்டாரில் இரண்டும் ஒன்றே. ஒரே வர்க்கமூலம் இரண்டு முறை வருவதால் 3. டார்க் (மோட்டாரின் சுழற்றும் வலு) வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே அதுவும் மூன்றில் ஒரு பங்காகிறது. சுமை ஏற்றிய கன்வேயர் ஸ்டாரில் நகராமல் முனகுவது இதனால்தான். வகுப்பில் மற்றவர்களுக்கு இது வெறும் சமன்பாடு, உங்களுக்கு அந்த முனகலே காதில் கேட்கும்.

ஃபிட்டர்_கேள்வி:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். இயந்திரப் பொறியியலுக்கும் இதே வரிசையா?

பேனல்போர்டு:

முதல் 14 வாரம் அப்படியே. கலப்பெண்ணைக் குறைத்து, அந்த 4 வாரத்தில் வெக்டரும் விசைச் சமநிலையும் பாருங்கள். பலகையைப் படுக்க வைத்தால் வளையும், நிமிர்த்தி வைத்தால் தாங்கும் என்று உங்களுக்குத் தெரியும். 50-க்கு 150 மில்லிமீட்டர் பலகைக்கு அதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள்: அகலம் பெருக்கல் உயரத்தின் கனம், வகுத்தல் 12. நிமிர்த்தினால் 1,40,62,500, படுக்க வைத்தால் 15,62,500. வளையாமல் நிற்கும் திறன் 9 மடங்கு. ஆனால் முறியாமல் தாங்கும் திறன் 3 மடங்குதான், ஏனென்றால் அங்கே உயரம் வர்க்கமாக வருகிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் முதல் வருடத்தில் அதிகம் நடக்கும் தவறு.