ஆவாரம்பூ டீ: பாட்டிலில் பூஞ்சை, குவளையில் கறுப்பு

கேள்வி (ஊத்தங்கரை):
மாந்தோப்பு வேலியோரம் ஆவாரை நிறையப் பூத்திருக்கிறது. பூவைப் பறித்து மாடி வெயிலில் காயவைத்து பாட்டிலில் அடைத்தால் நிறம் வெளுக்கிறது, சில நாளில் பூஞ்சை. டீ கறுத்துப்போய் ஒரே துவர்ப்பு. பால் ஊற்றலாமா?

பதில் (பாலக்கோடு):
பூஞ்சைக்குக் காரணம் இதழ் இல்லைங்க. இதழ் சீக்கிரம் சருகாகிவிடும். பச்சைக் காம்பும் நடுவில் இருக்கிற பிஞ்சும் உள்ளே ஈரத்தை வைத்திருக்கும். மூடிய பாட்டிலில் அதுதான் வேர்க்கிறது. பனி உலர்ந்தபின் பறியுங்கள். காம்பையும் பிஞ்சையும் கிள்ளிவிட்டு இதழை மட்டும் துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, காற்றோடுகிற நிழலில் மூன்று நான்கு நாள் விடுங்கள். வெளுப்பது நேர்வெயிலால். தைப் பனியில் ராத்திரி வெளியே கிடந்தால் காய்ந்தது மறுபடி நமத்துப்போகும், சாயங்காலமே உள்ளே எடுத்துவிடணும். கசக்கினால் நொறுங்கணும், துவண்டால் இன்னும் காயவில்லை.

பதில் (பர்கூர்):
கறுப்புக்கு இரும்புச் சட்டியைச் சந்தேகப்படுங்கள். ஆவாரையில் டானின் என்கிற துவர்ப்புப் பொருள் அதிகம், அதனால்தானே பட்டையைத் தோல் பதனிட எடுத்தார்கள். டானின் இரும்பில் பட்டால் மை மாதிரி கறுக்கும். எவர்சில்வரில் 200 மில்லி தண்ணீரைக் கொதிக்கவிட்டு இறக்கி, ஒரு டீஸ்பூன் இதழ், கொஞ்சம் தட்டிய சுக்கு போட்டு 5 நிமிடம் மூடுங்கள். அடுப்பிலேயே கொதித்துக் கிடந்தால் துவர்ப்புதான் ஏறும். பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்கும், பூ வாசமும் போய்விடும். எனக்குப் பிடிக்காது.

கேட்டவர்:
இரும்பு வாணலியேதான் அண்ணா! பொடியாக்கி வைக்கலாமா?

பதில் (பர்கூர்):
வேண்டாம். பொடி வடிகட்டியில் இறங்கிக் கசடாகும், நமப்பதும் சீக்கிரம்.

பதில் (பென்னாகரம்):
எல்லாரும் அந்த மாந்தோப்பு வேலியை விட்டுவிட்டீர்களே. மா பூக்கிற மார்கழி, தையில்தான் தத்துப்பூச்சிக்கு மருந்தடிப்பார்கள். காற்றில் வேலிச் செடிக்கும் வரும், கழுவினாலும் முழுசாகப் போகாது. கரட்டு மேய்ச்சல் பக்கம் பறியுங்கள். இலைக்காம்பின் அடியில் இரண்டு அகலமான வட்டச் செதில் இருந்தால் ஆவாரை. அதே மாதிரி தெரிகிற பேயாவரைச் செடியில் அது இருக்காது. கடையில் வாங்கினால் நிலாவாரையைத் தந்துவிடப் போகிறார்கள், அது பேதிக்கு. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தினசரி குடிக்க வேண்டாம், சர்க்கரை அளவு மேலும் இறங்கலாம். கர்ப்பிணிகள் தவிர்த்துவிடுங்கள்.