கின்டோருக்கு டயாலிசிஸ் மெஷின்: தேவையா, வீண் செலவா?

பாலைவன நர்ஸ்:
போன வாரம் இங்கே ஒருவர், "ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களுக்கு எல்லா சிகிச்சையும் இலவசம், அவர்கள்தான் வருவதில்லை" என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நடு ஆஸ்திரேலியாவில் உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்து மருத்துவமனையில், டயாலிசிஸ் பிரிவில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் நான். கின்டோரிலிருந்து ஒரு பாட்டி வந்திருந்தார். ஊர் மேற்கே 500 கிலோமீட்டருக்கு அப்பால். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலைந்து மணி நேரம் மெஷின். அடிக்கடி வராமல் போய்விடுவார். கோப்பில் "ஒத்துழைக்காத நோயாளி" என்று எழுதியிருந்தது. ஒரு முறை நானும் அப்படி எழுதியிருக்கிறேன்.

எதைக் கேட்டாலும் "ஆமாம்" என்பார். ஒரு நாள் அவர் மொழி பேசும் மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார். அந்த அம்மா வந்ததும் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசவில்லை. யார் மகள், எந்த ஊர், யார் யாருக்கு உறவு என்று அரை மணி நேரம். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. மெஷின் சிறுநீரகத்தைக் குணமாக்கிவிடும், பிறகு வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று பாட்டி எட்டு மாதமாகக் காத்திருந்திருக்கிறார். இனி சாகும்வரை மெஷின்தான் என்று அவருக்குப் புரியும்படி யாருமே சொல்லவில்லை. அந்த மெஷின் அவர் ஊரிலேயே இருக்க வேண்டும் என்கிறேன் நான்.

கார்த்தி_மெல்பர்ன்:
படிக்கவே கஷ்டமாக இருக்கிறது அக்கா. ஆனால் நீங்கள் சொன்ன குறைக்கு மருந்து மொழிபெயர்ப்பாளர்தானே, ஊருக்கு ஊர் தனி கிளினிக் இல்லையே. நான் தண்ணீர் சுத்திகரிப்பில் வேலை செய்கிறேன். ஒரு தடவை டயாலிசிஸுக்கு 100 லிட்டருக்கு மேல் சுத்தமான தண்ணீர் வேண்டும். பாலைவனத்து போர்வெல் தண்ணீரில் அது லேசான வேலை இல்லை. உதிரி பாகம் வர எத்தனை நாள் ஆகும்? நர்ஸ் கிடைக்காவிட்டால்?

இன்னொன்று. பெரிய மருத்துவமனையைத் திருத்தாமல் பக்கத்தில் வேறொன்றைக் கட்டினால், பெரியது திருந்தவே திருந்தாது. "உங்களுக்குத்தான் தனியாக இருக்கிறதே, அங்கே போங்கள்" என்று கைகழுவிவிடும்.

பாலைவன நர்ஸ்:
தண்ணீர், செலவு, ஆள் பற்றாக்குறை என்றெல்லாம் ஊரிலேயே மெஷின் கேட்ட கின்டோர் மக்களுக்கும் பதில் வந்தது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2000-ஆம் ஆண்டு பப்புன்யா துலா என்ற பூர்வகுடி ஓவியர் அமைப்பினர் வரைந்த படங்களை சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் ஏலம் விட்டார்கள். 10 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2004-இல் கின்டோரிலேயே மெஷின் ஓடியது. அப்படித் தொடங்கிய அமைப்பு இன்று பர்ப்பிள் ஹவுஸ் என்ற பெயரில் 15-க்கும் மேற்பட்ட ஊர்களில் டயாலிசிஸ் நடத்துகிறது. தொலைதூர ஊர்களில் நடக்கும் டயாலிசிஸுக்கு, அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் தனிக் கட்டணம் வந்தது 2018-இல்தான். அரசாங்கம் பின்னால் வந்தது, தம்பி. மக்கள் முன்னால் போனார்கள்.

யாழ்_சிட்னி:
கார்த்தி, என் அம்மாவை இங்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, தமிழில் கதைக்க ஆள் வேண்டும் என்று கேட்டேன். பத்து நிமிஷத்தில் தொலைபேசியில் ஒருவர் வந்தார். நாங்கள் நேற்று வந்து இறங்கிய சனம். அந்தப் பாட்டியின் மொழி இந்த மண்ணின் மொழி. அவர் எட்டு மாதம் காத்திருந்திருக்கிறார்!

பயத்தையும் யோசியுங்கள். பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பறித்த கொள்கை பல பத்தாண்டுகள் நடந்த நாடு இது. சில குழந்தைகள் பிறந்த ஆஸ்பத்திரியிலிருந்தே போயின. 1997-இல் வந்த விசாரணை அறிக்கையில் அதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அந்தக் கட்டடத்துக்குள் போக ஒரு பாட்டி தயங்கினால் அது அறியாமை இல்லை. 1971-இல் சிட்னியின் ரெட்ஃபர்னில் பூர்வகுடி மக்கள் தாங்களே மருத்துவ நிலையம் தொடங்கியதன் அவசியம் இந்தப் பயத்தை யோசித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

கார்த்தி_மெல்பர்ன்:
அந்த வரலாற்றை மறுக்க மாட்டேன் அண்ணா. ஆனால் பிரிஸ்பேனைப் பாருங்கள். 2013-இல் மேட்டர் மகப்பேறு மருத்துவமனையும் இரண்டு பூர்வகுடி அமைப்புகளும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கின. கர்ப்பகாலம் முழுக்க, பிரசவம், அதற்குப் பிறகும் அதே மருத்துவச்சி. குறைப்பிரசவம் குறைந்தது என்று ஆய்வே வந்துவிட்டது. நான் கேட்பது இதைத்தான்: பெரிய மருத்துவமனையோடு சேர்ந்து செய்யுங்கள்.

பாலைவன நர்ஸ்:
நீங்கள் காட்டிய உதாரணம் என் பக்கம்தான் பேசுகிறது. கர்ப்பகாலப் பராமரிப்பு நடக்கும் இடம் மருத்துவமனைக்கு வெளியே, அந்த மக்கள் நடுவில். திட்டத்தை நடத்துவதில் அந்த இரண்டு அமைப்புகளுக்கும் சம பங்கு. நான் பார்த்த பல "கூட்டு முயற்சி"களில், எல்லாம் முடிவான பிறகு பூர்வகுடிப் பெரியவர் ஒருவரை அழைத்து வரவேற்புரை சொல்லச் சொல்வார்கள், தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்தக் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

கார்த்தி_மெல்பர்ன்:
சரி அக்கா. பணத்தையும் ஆளையும் முடிவு செய்யும் மேசையில் அவர்கள் இருக்க வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நர்ஸ் இல்லாத வாரம் என்ன ஆகும்? அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

பாலைவன நர்ஸ்:
அந்த வாரம் நகரத்துக்கு வரத்தான் வேண்டும். உடம்பு ரொம்ப மோசமானவர்களும் நகரத்தில்தான் இருந்தாக வேண்டும். அதனால்தான் பெரிய மருத்துவமனையும் மாற வேண்டும் என்கிறேன், இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

பாட்டிக்குப் பிறகு கின்டோரில் இடம் கிடைத்தது. ஒரு தடவை போனில் பேசினேன். மெஷினில்தான் உட்கார்ந்திருந்தார். பேத்திகள் ஜன்னல் வழியே எட்டி எட்டிப் பார்க்கிறார்கள், நர்ஸ் திட்டுகிறாள் என்றார். ஊருக்கு வந்தபிறகு ஒரு நாள்கூட அவர் டயாலிசிஸைத் தவறவிடவில்லை என்று அங்கே இருந்த நர்ஸ் சொன்னாள்.